அரசு மறைந்தும் நிலைத்த குடியிருப்பு: திருவல்லிக்கேணியில் நவாபு காலச் சுவடுகள்

சென்னைத் திருவல்லிக்கேணி ஆழ்வார்களால் பாடப்பெற்ற வைணவத் தலமாகும். அங்குள்ள பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு காணப்படுகிறது. இத்தகைய தொன்மையான ஊரில் 18ஆம் நூற்றாண்டில் இசுலாமியக் குடியிருப்பு உருவான வரலாற்றையும், அதனை உருவாக்கிய அரசு மறைந்த பின்னரும் அது நிலைத்த தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்கள் கடல் வணிகத்தால் வளர்ந்தவை. அவற்றின் மொழி தமிழ். திருவல்லிக்கேணிக் குடியிருப்போ அரசவையால் வளர்ந்தது. ஆங்கிலேயரின் பாதுகாப்பை நாடிய ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா சென்னையில் தங்கினார். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. அரசவையைச் சார்ந்து வாழ்ந்த படைவீரர், எழுத்தர், அறிஞர், கைவினைஞர் ஆகியோர் அதனருகே குடியேறினர். அவர்களிடையே உருதும் பாரசீகமும் வழங்கின.

1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் இக்குடியிருப்பின் மையமாயிற்று. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து அறிஞர் ஆவார். இலக்னோவின் பிரங்கி மகால் கல்வி மரபில் வந்த பேரறிஞர் மௌலானா அப்துல் அலியின் அடக்கத்தலமும் இப்பள்ளி வளாகத்திலேயே உள்ளது. சமய எல்லையையும் வட்டார எல்லையையும் கடந்த அறிவுத் தொடர்புக்கு இவ்விரண்டும் சான்றாகின்றன.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நவாபின் ஆட்சியுரிமை கும்பினியிடம் சென்றது. 1855இல் நவாபு குலாம் கௌசுகான் வாரிசின்றி இறக்கவே, நவாபுப் பட்டமும் ஒழிக்கப்பட்டது, அரண்மனை அரசுடைமையாயிற்று. 1867இல் அளிக்கப்பட்ட ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டம் மரியாதையை மீட்டதேயன்றி ஆட்சியை மீட்கவில்லை. அரசவையை நம்பியிருந்தோர் தம் வாழ்வாதாரத்தை இழந்தனர்.

எனினும் குடியிருப்பு கலைந்துவிடவில்லை. அரசவையைப் போலன்றி, பள்ளிவாசல் மக்கள் அனைவருக்கும் உரியதாக இருந்தது. 1850இல் தொடங்கப்பெற்ற முகமதியப் பொது நூலகம் பட்டம் ஒழிந்த பின்னரும் தொடர்ந்தது. 1927இல் இப்பகுதியில் தோன்றிய ‘முசல்மான்’ என்னும் உருது நாளிதழ், கணினிக் காலத்திலும் எழுத்தணிக் கலைஞரின் கையால் எழுதப்பட்டு அச்சாயிற்று. புரவலரை இழந்த மொழி, வாசகரால் காக்கப்பட்டது.

2012இல் சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் தீக்கிரையாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது. கட்டடத்தை மீண்டும் எழுப்ப இயலும். பாரசீகக் கல்வெட்டுகளையும் உருதுச் சுவடிகளையும் படிக்க வல்லவர் அருகினால் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. ஆதலின் அவற்றைப் படியெடுத்துத் தமிழில் பெயர்த்தல், சென்னை வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.