ஊக்கமருந்து: தொகைக்குள் மறைந்த சொல்

தமிழகத்தார் தடகளம் என்று தரையின் பெயரால் வழங்குவதை, ஈழத்தவர் நாம் மெய்வல்லுநர் போட்டி என்று உடலின் பெயரால் வழங்குகிறோம். ஓமந்தைப் பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிட்டால் ஒலிபெருக்கி முழுக்க இந்தச் சொல்தான். மெய் என்பது உடம்புக்கும் உண்மைக்கும் பொதுவாகையால், உடலால் வல்லவர் என்ற பொருளோடு பொய் கலவாமல் வல்லவர் என்ற நிழலும் கூடவே ஓடுகிறது. அந்த நிழலுக்குப் பகையாய் வந்த பெயர்தான் ஊக்கமருந்து. அதைத்தான், சொல்லன்பர்களே, இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதற்பகுதியின் வேர் ஊக்கு. சட்டையில் குத்தும் ஊக்கு இவ்வேரில் பிறந்ததன்று. அது ஆங்கிலத்து ஹூக், தமிழில் வந்து ஹகரம் உதிர்த்துக்கொண்டது. நம் ஊக்கைக் காணக் கலித்தொகைக்குப் போகவேண்டும். அங்கே ஊசலாடும் பெண்ணொருத்தி, வந்து நின்ற இளைஞனிடம் தன்னைச் சற்று ஊக்கிவிடக் கேட்கிறாள். ஊக்குதல் அவ்விடத்தில் பின்னிருந்து ஒரு கை தரும் தள்ளல். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுக்கையில், அத்தள்ளல் கையை விட்டு நெஞ்சுக்குள் குடியேறி, ஒருவர் தம்மைத் தாமே உந்தும் உடைமையாகிறது. பின்னாளில் வேதியியலார் வினையூக்கி என்றும், அலுவலகத்தார் ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்றும் சொல்லவே, அது மறுபடி வெளியே வந்துவிட்டது. அகமும் புறமும் இப்படி மாறிமாறி நடந்த வேர் இது.

மருந்தின் கதை இன்னும் அகலம். அமிழ்தத்தைச் சாவாமருந்து என்று போற்றிய அதே மொழியில்தான் வெடிமருந்தும் இருக்கிறது. பிறரை மயக்கச் சோற்றில் கலப்பதாகச் சொல்லும் இடுமருந்தும் இருக்கிறது. வன்னி வயல் வரம்பில் “மருந்தடிச்சாச்சோ?” என்று கேட்டால், அது பூச்சிநாசினியைப் பற்றிய கேள்வி. உயிர் காப்பதையும் உயிர் எடுப்பதையும் ஒரே பெயருக்குள் வைத்த நம் முன்னோர், அளவும் இடமும் அறிந்தே அப்பெயரைக் கையாண்டனர்.

ஊக்கமருந்துக்கு ஆங்கிலம் வைத்த பெயரான டோப்போ சமையற்கட்டிலிருந்து வந்தது. டச்சு மொழியில் அது தோய்த்துண்ணும் குழம்பு. அமெரிக்காவுக்குப் போய்க் குழம்பு போன்ற எதற்கும் பெயராகி, புகைக்கும் அபினிக் களிக்கு ஆகி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பந்தயக் குதிரைக்கு ஊட்டும் மருந்தாயிற்று. தோய்த்தலைக் குறிக்கும் அந்த டச்சு வேரும் நம் ‘தோய்’ என்பதும் ஒலியிலும் பொருளிலும் ஒட்டி நிற்பது தற்செயல். மகிழலாம், உறவு கொண்டாடக் கூடாது. ஆனால் ஒன்றில் பெருமைப்படலாம்: மயக்குவதையும் விளையாட்டில் ஏய்ப்பதையும் ஆங்கிலம் ஒரே டோப்பில் அடைக்க, தமிழ் போதைப்பொருள் என்றும் ஊக்கமருந்து என்றும் பிரித்து வைத்தது.

ஊக்கமருந்து என்ற பெயருக்குரிய பொருள்களில் பலவும் நல்லவையாகவே பிறந்தவை. எரித்ரோபொயட்டின் என்றால் கிரேக்கத்தில் செம்மை ஆக்குவது. சிறுநீரக நோய் வாட்டும் வவுனியா மாவட்டத்தில் குருதிச்சோகை கண்ட நோயாளிக்கு அது உண்மையான மருந்து. நலமுள்ள ஓட்டக்காரர் ஏற்றிக்கொண்டால் செவ்வணு பெருகி, ஒட்சிசன் மிகுதியாய்த் தசைக்குச் சென்று, களைப்புப் பிந்தும். கூடவே குருதி தடித்து இதயத்திலும் மூளையிலும் கட்டியாய் அடைக்கவும் கூடும். இன்னொரு பக்கம், கோப்பையில் ஊற்றிய பிளேன்ரீயின் கஃபீன் 2004இல் விளையாட்டின் தடைப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. ஆகவே ஊக்குவதெல்லாம் ஊக்கமருந்தல்ல.

நம் தீவிலும் இப்பெயர் தழும்பிட்டிருக்கிறது. 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற மஞ்சு வன்னியாரச்சி, நாண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து கண்டறியப்பட்டதால் பதக்கத்தை இழந்தார். 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போது நம் அணி வீரர் உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசொலோன் என்ற தடைப்பொருள் தெரிந்தது. தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது என்பதும், ஏய்க்கும் எண்ணம் இல்லை என்பதும் ஏற்கப்பட்டும் மூன்று மாதத் தடை நின்றது. நாட்டுமருந்து என்ற பெயரின் இனிமை ஆய்வுகூடத்தில் செல்லுபடியாகவில்லை. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு ஊக்கமருந்து நம் நாட்டில் சட்டப் பொருளுமாயிற்று.

இனித் தொகையை விரிப்போம். காய்ச்சல்மருந்து, இருமல்மருந்து, பூச்சிமருந்து: இவற்றில் முன்னிற்பதைப் பின்னிற்பது ஒழிக்கிறது, மறைந்து நிற்கும் பயன் ‘போக்கும்’ என்பது. ஊக்கமருந்தில் மட்டும் ‘தரும்’ என்று நிரப்பிப் படிக்கிறோம், விற்பவரும் அப்படியே படிக்கச் சொல்கிறார். உடலோ இலக்கணம் தவறாமல் மற்ற வரிசையோடு சேர்த்தே படிக்கிறது. ஆண் இயக்குநீரை ஒத்த ஸ்டீரொய்ட் வெளியிலிருந்து வந்து நிறைந்தால் தசை திரளும், உண்மைதான். ஆனால் போதுமான அளவு இருக்கிறதென்று மூளை தன் ஏவலை நிறுத்திக்கொள்ள, விதைகள் தாமே சுரப்பதை விட்டுச் சுருங்குகின்றன, பெண்களுக்குக் குரல் தடிக்கிறது, இதயமும் ஈரலும் இடர்ப்படுகின்றன. புறத்து ஊக்கு நுழைந்து அகத்து ஊக்கத்தை ஒழிப்பது இதுவே. எனவே பெயரை மாற்றவேண்டாம். ஊக்கத்தைப் போக்கும் மருந்து என்று விரித்து, மெய்வல்லுநர் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுப்போம்.