உற்பத்தித் தொழிலில் டிஜிட்டல் கட்டுப்பாடு

எந்திரத்தைப் புரோகிராம் கொண்டு இயக்குவதும், சென்சார்கள் தரும் அளவீடுகளைப் பார்த்து அந்த இயக்கத்தைச் சீர்செய்வதும் உற்பத்தித் தொழிலில் டிஜிட்டல் கட்டுப்பாடு எனப்படும். இதன் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் ஒரு கருவி கண்டுபிடிக்கப்பட்ட காலத்துக்கும் அது தொழிற்கூடத்தில் வேரூன்றிய காலத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இல்லை. எந்திரத்தின் அருகில் நிற்பவர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் வந்தவை விரைந்து பரவின. அவர் கைக்கு எட்டாதவை, பணத்தைக் கொட்டியும் தடுமாறின.

எண்வழிக் கட்டுப்பாடு இதற்கு முதல் சான்று. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த மிச்சிகன் தொழிலதிபர் ஜான் பார்சன்ஸின் யோசனை, அமெரிக்க விமானப்படையின் நிதியுதவியோடு, 1952இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் மில்லிங் எந்திரமாக இயக்கிக் காட்டப்பட்டது. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. அந்த நாடாவை அலுவலகத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் தயாரித்தார்கள். உலோகத்தின் போக்கை ஓசையிலேயே கண்டுகொள்ளும் மெஷினிஸ்டுக்கு அதில் கைவைக்க வழியில்லை. விமானப்படையே எந்திரங்களை வாங்கிக் கொடுத்தும் சிறு பட்டறைகள் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றன. 1970களில் எந்திரத்தோடு கணினி இணைந்து, புரோகிராமை அங்கேயே திருத்த முடிந்த பிறகுதான் சி.என்.சி. எனப்படும் கணினிவழி எண் கட்டுப்பாடு பரவலாயிற்று.

புரோகிராம் செய்யக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யின் கதை இதற்கு நேர்மாறானது. கார் மாடல் மாறும்போதெல்லாம் பேனலில் உள்ள ரிலேக்களுக்கு மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்ததால், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968இல் மாற்று வழி கேட்டது. பொறியாளர் டிக் மோர்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அடுத்த ஆண்டே வந்தது. அதன் புரோகிராம் ஏணி வடிவில் இருந்தது: இரு பக்கமும் மின்கம்பிகள், நடுவே படிகள், ஒவ்வொரு படியிலும் கான்டாக்டும் காயிலும். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீசியனுக்கு அது பழகிய எழுத்தாகவே இருந்தது. இன்றும் அந்த ஏணி வடிவம் வழக்கில் இருக்கிறது.

மைக்ரோபிராசசர் மலிவானதுதான் பரவலுக்குக் காரணம் என்று வாதிடலாம். விலை குறைந்திராவிட்டால் சிறு பட்டறைகள் சி.என்.சி.யை வாங்கியிருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் பணத்துக்குக் குறைவில்லாத ஜெனரல் மோட்டார்ஸ், 1980களில் ரோபோக்களில் பெருந்தொகையை முடக்கியும் எதிர்பார்த்த பலனைப் பெறவில்லை. அதே நிறுவனம் டொயோட்டாவுடன் சேர்ந்து 1984இல் ஃப்ரீமான்ட்டில் தொடங்கிய நும்மி ஆலையோ, பெரும்பாலும் அங்கே முன்பு ஜெனரல் மோட்டார்ஸிடம் வேலை செய்த தொழிலாளர்களைக் கொண்டே, ஆடம்பர எந்திரங்கள் இல்லாமல் அந்நிறுவனத்தின் மற்ற ஆலைகளை முந்தியது. குறை கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை அங்கே தொழிலாளியிடம் இருந்தது.

2011இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில், எந்திரங்களை வலைப்பின்னலில் இணைக்கும் ‘இண்டஸ்ட்ரி 4.0’ திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, எந்திரங்களே தம்முள் பேசிக்கொள்ளும்போது தொழிலாளியின் அறிவு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. இரு நிகழ்வுகள் இதற்குப் பதில் தருகின்றன. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினித் தீநிரல், ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையில் மையவிலக்கிகளைச் சிதைத்துக்கொண்டே திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. 2019இல் இணையத் தாக்குதலுக்குள்ளான நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம், பல ஆலைகளைக் கைமுறைக்கு மாற்றித்தான் உற்பத்தியைக் காப்பாற்றியது. வலைப்பின்னல் விரிய விரிய, திரை சொல்வதைச் சந்தேகிக்கவும் எந்திரத்தை நிறுத்தவும் தெரிந்தவரின் தேவை கூடுகிறது. ஆலைக்குப் புதிதாக வாங்கும் எந்தக் கருவிக்கும் அவர் கையில் அது திருத்தக்கூடியதா என்பதே முதல் சோதனையாக இருக்க வேண்டும்.