ஒரு பெஞ்சும் 14 பாட்டிகளும்

மனச்சோர்வுக்குப் பேச்சு வழியாகவும் சிகிச்சை உண்டு என்று சொன்னால், "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்ங்க" என்பதுதான் பலருடைய முதல் பதில். ஜிம்பாப்வேயில் நடந்ததைப் படித்தால் அப்படிச் சொல்ல மனசு வராது.

2005 மே மாதம் முகாபே அரசு ஹராரேயிலும் மற்ற நகரங்களிலும் ஏழைகளின் வீடுகளையும் நடைபாதைக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. அதற்கு வைத்த பெயர் 'முரம்பட்ஸ்வினா'. ஷோனா மொழியில் 'குப்பையைத் துரத்து' என்கிற மாதிரி அர்த்தம். வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது.

அதே 2005-இல்தான் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தன்னிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண்ணைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலை என்று அம்மாவிடம் கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்பதுதான் பதில். நாட்டின் மக்கள்தொகை 1 கோடிக்கு மேல்; மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. நோயாளி வருவார் என்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது என்று அவருக்குப் புரிந்தது.

2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கினார். அங்கே கிளினிக்கில் தர அறை இல்லை, நர்சுகளும் இல்லை. கிடைத்தது வெளியே கொஞ்சம் இடமும், ஏற்கெனவே அந்தப் பகுதியில் சுகாதாரப் பணி செய்துவந்த 14 பாட்டிகளும்தான். மரத்தடியில் பெஞ்ச் போட்டார்கள். முதலில் அவர் வைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. அந்தப் பேரில் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டாங்க என்று பாட்டிகள் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் அது 'நட்பு பெஞ்ச்' ஆனது.

பாட்டிகள் 'டிப்ரஷன்' என்ற சொல்லையும் தூக்கிப் பிடிக்கவில்லை. ஷோனாவில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். 1990-களில் ஹராரேயில் ஆய்வு செய்த இந்திய மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும், மக்களின் இந்த மாதிரிச் சொற்களை வைத்தே 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்திருந்தார்கள். பெஞ்சில் கேட்கப்பட்டவை அந்தக் கேள்விகள்தான்.

சரி, பாட்டிகள் என்னதான் செய்தார்கள்? அறிவுரை சொல்வது அல்ல. வந்தவரை முழுசாகப் பேசவிடுவார்கள். மனதை அழுத்தும் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, அதில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதற்கு அவரால் முடிகிற ஒரு சின்ன வழியை அவர் வாயாலேயே வரவைப்பார்கள். செய்து பார்த்துவிட்டு மறுபடி வர வேண்டும். இப்படி 6 சந்திப்புகள் வரை. மனச்சோர்வில் எதுவுமே நம் கையில் இல்லை என்று தோன்றும். ஒரு பிரச்சினையையாவது நாமே அசைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் கொஞ்சம் தளரும். நிபுணர்கள் 'பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை' என்பது இதைத்தான்.

பலன் இருந்ததா? ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016 டிசம்பரில் 'ஜாமா' இதழில் வெளியானது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்போடு கூடுதல் உதவியும் பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது 13.7 சதவீதம்தான்.

பெஞ்ச் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும் நோய் முற்றியவர்களையும் பாட்டிகள் தாமே வைத்துக்கொள்ளாமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குத் தந்த பயிற்சியில் அதுவும் ஒரு பாடம்.

நம்மிடமும் 'டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. "மனசே சரியில்ல", "ராத்திரியெல்லாம் ஏதேதோ யோசனை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்போது "எல்லாம் சரியாயிடும்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். அதற்கும் மேலே உதவி தேவைப்பட்டால், இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.