பனிமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர்?

மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருச்சுழி. 1879-ம் ஆண்டு மார்கழித் திருவாதிரைக்கு அந்த ஊர் நடராசர் வீதியுலா போய்விட்டு, நள்ளிரவு தாண்டித்தான் கோயிலுக்குத் திரும்பினார். டிசம்பர் 30 பிறந்து ஒரு மணி இருக்கும். சுவாமி கோயிலுக்குள் நுழைகிற அந்த நேரத்தில், அருகிலிருந்த வக்கீல் சுந்தரம் ஐயர் வீட்டில் அவர் மனைவி அழகம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

நடராசன் என்றோ, சபாபதி என்றோ, அம்பலவாணன் என்றோ பெயர் வைக்க இதைவிடப் பொருத்தமான பிறப்பு வாய்க்காது. ஆனால் அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் வேங்கடேசுவரன். பள்ளிக்கூடத்தில் அது வேங்கடராமன் ஆனது, வீட்டில் ரமணி. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். 1907-ல் காவியகண்ட கணபதி முனிவர் சூட்டிய பெயரால்தான் உலகம் அவரை அறிகிறது: ரமண மகரிஷி.

திருவாதிரை இரவில், நடராசர் வாசலைக் கடக்கும்போது பிறந்த பிள்ளைக்குத் திருப்பதிப் பெருமாள் பெயர். விசித்திரமாகத் தோன்றினாலும் இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. இன்னொரு பெரிய உதாரணம் மதுரைக்குள்ளேயே இருக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தைப்பூசத்தில் பிறந்தவர் என்பது மதுரையின் மரபு. 1645-ல் அவர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தை மாதத்தில் தெப்பத்தில் வலம் வருவதை அந்தப் பிறந்தநாளோடு சேர்த்துத்தான் ஊர் சொல்கிறது. மன்னர் பிறந்த நாளில் ஒரு திருவிழாவே எழுந்தது. ஆனால் அவர் பெயரில் பூசமும் இல்லை, தையும் இல்லை, முருகனும் இல்லை. திருமலை என்பதும் வேங்கட மலைதான்.

மதுரைச் சமவெளியில் பிள்ளைக்குப் பெயர் தேடும்போது நாள்காட்டியைக் கடைசியில்தான் பார்த்தார்கள். முதலில் தாத்தா பெயர், அடுத்து குலதெய்வம், அதற்கடுத்து நேர்ந்துகொண்ட சாமி. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்பது பல சாதிகளில் எழுதாத சட்டம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் இன்னொரு எழுதாத சட்டம். அதனால் வைத்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று பிள்ளைகள் இரண்டு பெயரோடு வளர்ந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் மாசி சிவராத்திரி என்றால் ஊரே பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில்தான் இருக்கும். அந்தச் சீமையில் ஒச்சம்மாள், விருமாண்டி, பேச்சி, மாயாண்டி என்று பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும் மாசியில் பிறந்தவர்கள் இல்லை. சாமி வருடம் முழுக்க அவர்களுடைய சாமி. சிவராத்திரி அதைப் போய்ப் பார்க்கும் நாள்.

மீனாட்சி கோயிலிலும் இதே கதை. அங்கே திருவிழா இல்லாத மாதமே கிடையாது. மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று நடக்கும் சப்பர விழாவை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். எல்லா உயிருக்கும் இறைவன் படியளந்ததை நினைவுகூரும் விழா அது. அதிகாலையில் சுவாமி சப்பரமும் அம்மன் சப்பரமும் வெளிவீதிகளில் வருகின்றன. அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம்பிடித்து இழுக்கிறார்கள். போகிற வழியெங்கும் அரிசி இறைக்கப்படுகிறது. தரையில் சிந்திய அந்த மணிகளைக் குனிந்து பொறுக்கி, முந்தானையில் முடிந்து, வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கிறார்கள். அந்த வருடம் சோற்றுக்குக் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. அன்றைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தால் அதற்கு மீனாட்சி என்று பெயர் வைப்பார்கள். சித்திரைத் திருக்கல்யாணத்தன்று பிறந்தாலும் மீனாட்சிதான், ஆவணி மூலத்தன்று பிறந்தாலும் மீனாட்சிதான். பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்லிவிடலாம், மாதத்தைச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு பனிக்கால விழா மட்டும் இந்த வழக்கத்தை மீறித் தன் பெயரை நேரடியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அது கார்த்திகை. கார்த்திகைச்செல்வன், கார்த்திகைச்செல்வி என்று மாதத்தையே அழைக்கும் பெயர்கள் இருக்கின்றன. கார்த்திகேயனும் கார்த்திக்கும் கார்த்திகாவும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அறுபடை வீடுகளில் முதலாவதான திருப்பரங்குன்றம் ஒரு பக்கம், அழகர் மலைமேல் பழமுதிர்சோலை இன்னொரு பக்கம் என்று இரண்டு படைவீடுகளை வைத்திருக்கும் மதுரையில் அந்தப் பெயர் செழித்ததில் வியப்பில்லை. இங்கே மாதமும் நட்சத்திரமும் விழாவும் சாமியும் ஒரே சொல்லில் கூடிவிட்டன. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களால் அவனுக்கே அந்தப் பெயர். ஆகவே சாமி பெயர் வைக்கும் வழக்கத்தை விடாமலே விழாவின் பெயரையும் வைக்க முடிந்தது. மார்கழிக்கும் தைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மார்கழி ஆண்டாளின் மாதம் என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஆண்டாள், கோதை என்று வைக்கலாம். ஆனால் ஆண்டாள் பிறந்தது ஆடிப்பூரத்தில்.

தைப்பூசம் இன்னும் சுவாரஸ்யமானது. செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பிள்ளை வரம் கேட்டு நடப்பவர்களும் உண்டு. வேண்டுதல் பலித்தால் பழனி, பழனியப்பன், பழனியம்மாள். தைப்பூசத்தில் வேண்டிக்கொண்டு உடனே கரு நின்றால் பிள்ளை பிறப்பது ஐப்பசி வாக்கில். பனிக்கால வேண்டுதலின் பெயரைச் சுமக்கும் பிள்ளை அடைமழையில் பிறக்கிறது! அந்தப் பெயரில் இருப்பது பிறந்த நாள் அல்ல, நேர்ந்த நாள். பெயரை வைத்துப் பிறந்த மாதத்தைக் கணக்கிட முயன்றால் இந்த இடத்தில் கண்டிப்பாகத் தவறும்.

நாள்காட்டியைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் கத்தோலிக்கர்கள். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தித் தத்துவ போதகர் ஆனார். அவர் தொடங்கிய வழியில் வந்த மதுரை மிஷன் தமிழ் மண்ணுக்குப் புதிய பெயர்க் கூட்டம் ஒன்றைக் கொடுத்தது. திருச்சபையின் புனிதர்கள் தமிழ் நாவில் புரளும் பெயர்களோடு வந்தார்கள்: பேதுரு இராயப்பர் ஆனார், பவுல் சின்னப்பர் ஆனார், யாக்கோபு சந்தியாகப்பர் ஆனார். பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய கட்டுப்பாடு. சாமியார் கையிலோ அந்தந்த நாளுக்குரிய புனிதர் பட்டியல் இருக்கிறது. பிறகென்ன, திருநாளே பெயராகிவிடும்.

அந்தப் பட்டியலில் பனிமாதங்கள் மிகவும் செழிப்பானவை. டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அதையொட்டிப் பிறந்தவர்கள் சவரிமுத்து, சவரியம்மாள். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள். அமலோற்பவம், அமலதாஸ், அமலா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26-ம் தேதி, முடியப்பர். கிரேக்க மொழியில் மகுடத்தைக் குறிக்கும் ஸ்தேவான் என்ற பெயரை இவ்வளவு அழகாக யாரும் தமிழாக்க முடியாது. 27 அருளப்பர். ஜனவரி 6 மூவரசர் திருநாள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று மூன்று ராஜாக்கள் பெயரும் தமிழ்க் குடும்பங்களில் புழங்குகின்றன. ஜனவரி 20 செபஸ்தியார். முடியப்பன் என்று ஒரு பெரியவரைச் சந்தித்தால், அவர் பிறந்தபோது வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இவர்களிடமும் உண்டு என்பதால் எல்லா முடியப்பனும் அப்படி என்று சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 4-க்குத் தனிக் கதை இருக்கிறது. லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ மதுரை மிஷனுக்கு வந்து பண்டார சாமியாக உடுத்தி, அருளானந்தர் என்று பெயர் பூண்டார். சேதுபதிச் சீமையில் 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் ரத்தம் சிந்தியதால் சிவந்ததாக நம்பப்படும் மண்ணை இன்றும் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள். 1947-ல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் உள்ள கல்லூரிக்கு அவர் பெயர்தான். அருளானந்து, அருளானந்தம் என்ற பெயர்கள் இந்த மண்ணிலேயே விளைந்த ஒரு பனிக்காலத் திருநாளின் பெயர்கள். மற்றவை எல்லாம் கப்பலேறி வந்தவை. அடுத்த வாரமே, பிப்ரவரி 11, லூர்து மாதா. பிரான்ஸில் லூர்து காட்சி நடந்தது 1858-ல். ஆகவே லூர்துசாமியும் லூர்தம்மாளும் அதற்குப் பிறகு வந்த பெயர்கள். பரம்பரைக் கதை தேடுகிறவர்களுக்கு இது உருப்படியான ஒரு தடயம்.

கிறிஸ்துமஸ் அன்றே பிறந்தால்? பிரெஞ்சுக்காரர்கள் நோயல் என்று பண்டிகையையே பெயராக வைத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் நத்தாலியா அதே வேரில் முளைத்தது. தமிழில் பிறப்பு விழாவைப் பெயராக்காமல் பிறந்தவரைப் பெயராக்கினார்கள்: இம்மானுவேல், பாலயேசு, யேசுதாஸ். நடராசரை விட்டுவிட்டு வேங்கடேசுவரனைத் தேடிய திருச்சுழி வீட்டின் மனமும் இதுவும் ஒன்றுதான். விழா அல்ல, விழாவுக்கு அப்பால் இருப்பவரே பெயருக்கு உரியவர். 1983-ல் வந்த புதிய திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு மாறாக இல்லாத எந்தப் பெயரையும் வைக்கலாம் என்று தளர்த்திய பிறகு, அமுதனும் இனியாவும் தேவாலயப் பதிவேட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

ரம்ஜான் பேகம், ரம்ஜான் அலி என்ற பெயர்களும் மதுரையில் உண்டு. அவை எந்தப் பருவத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்வதால், 2000-ம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பரில் இன்னொன்றும் வந்தன.

இப்படிப் பெயரிலோ பேச்சிலோ விழாவைப் பிடித்து வைத்ததற்கு வேறொரு அவசியமும் இருந்தது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டாலும், கிராமத்துத் தாய்க்குப் பிள்ளையின் தேதி தெரியாது. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தின அன்னிக்கு, பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குக் கொம்பு சீவறப்போ என்றுதான் தெரியும். அந்தக் கணக்கில் பிழை இருக்காது. பள்ளிக்கூடத்தில்தான் அது தொலைந்தது. ஜூன் மாதம் பையனை அழைத்துப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் காதை எட்டினால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று பொருள். பிறந்த தேதி கேட்பார். அம்மா பொங்கல் என்பாள். வாத்தியார் சேர்க்கைக்குத் தோதாக மே மாதமோ ஜூன் மாதமோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். மார்கழியிலும் தையிலும் பிறந்த ஒரு தலைமுறையே காகிதத்தில் கோடையில் பிறந்தது. அவர்கள் வேலையில் சேர்ந்ததும் ஓய்வு பெற்றதும் அந்தத் தேதியில்தான். உண்மையான பிறந்தநாள் தாயின் வாயில் மட்டும் இருந்தது. அவள் போனதும் அதுவும் போனது. இது சிறிய இழப்பு இல்லை. ஒரு மனிதர் தன் சொந்த நாளை அறியாமல் வாழ்ந்து முடிப்பது வருத்தத்துக்குரியது.

இன்று மருத்துவமனையே நிமிடக் கணக்கோடு தேதியைக் கொடுத்துவிடுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயர் எழுதாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பதினைந்து ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. நாளை நினைவில் வைக்கும் வேலை இனி பெயருக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, திருவாதிரையில் பிறந்த பெண்ணுக்கு ஆதிரை என்று விரும்பிச் சூட்டும் பெற்றோரை இப்போது பார்க்க முடிகிறது. மணிமேகலைக்கு முதல் பிச்சை இட்டவளின் பெயர் அது.

பெரும்பாலான வீடுகளில் இன்று சோசியர் நட்சத்திர பாதத்துக்கு எழுத்து குறித்துக் கொடுக்கிறார். பூசத்துக்கு அவர் கொடுப்பவை ஹு, ஹே, ஹோ, ட. இந்த எழுத்துகளில் தாத்தா பெயரும் கிடைக்காது, பழனியும் கிடைக்காது. தேடித் தேடிப் பலரும் ஹேமா, ஹேமந்த் என்ற பெயர்களில் வந்து நிற்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் மார்கழி, தை இரண்டு மாதங்களுக்கும் நேராக ருதுவின் பெயர் அச்சாகியிருக்கும்: ஹேமந்தம். தைப்பூசத்தில் பிறந்த ஹேமந்த் முன்பனிக்காலத்தையே பெயராகக் கொண்டிருக்கிறான்; வைத்தவர்கள் எழுத்தைத்தான் பார்த்து வைத்தார்கள்.