அம்பாசிடர் எஞ்சினும் மூன்று கிளைக் குழாயும்

அம்பாசிடரை ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்காரன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் தாசில்தாரையும் கல்யாண மாப்பிள்ளையையும் சுமந்த அம்பாசிடரில் பல வருஷம் இருந்த 1489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனுடைய 'பி சீரிஸ்' எஞ்சின். 1955ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எம்ஜிஏ என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 1489 சிசி எஞ்சின்தான். நம் வண்டியில் சுமார் 50 குதிரை சக்தி. எம்ஜிஏயில் இரட்டை எஸ்யு கார்ப்பரேட்டர் மாட்டி, கம்ப்ரெஷனைக் கூட்டி, 68 குதிரை சக்தி எடுத்தார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு. ஒருவன் குமாஸ்தா ஆனான், மற்றவன் ஓட்டப் பந்தயத்துக்குப் போனான்.

1962ல் அதே எஞ்சினை 1798 சிசியாகப் பெருக்கி எம்ஜிபி வந்தது. 1980ல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. விலை கட்டுப்படியாகும், எஞ்சின் எளிமையானது, ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் வீட்டிலேயே பிரித்து மாட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் என்ற ஒரு கூட்டமே இந்த வண்டியைச் சுற்றி வளர்ந்தது. அவர்கள் முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வார்ப்பிரும்பில் கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு, வளைத்த எஃகுக் குழாய்களால் ஆன 'ஹெட்டர்' மாட்டுவது.

எதற்காக இந்த வேலை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சிலிண்டரில் எரிந்த புகை அமைதியாக ஒழுகி வெளியே போவதில்லை. வால்வு திறந்ததும் வெடித்துக் கிளம்புகிறது. அந்த வெடிப்பு ஒரு அழுத்த அலையாகக் குழாயில் ஓடும். குழாய் முடியும் இடத்தில், அல்லது இன்னொரு குழாயோடு சேரும் இடத்தில், அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வரும். நிமிஷத்துக்கு 5000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு செகண்டில் ஆயிரத்தில் 12 பங்கு நேரம்தான். சூடான புகையில் அலை செகண்டுக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. குழாயின் நீளத்தைச் சரியாக வைத்தால், வால்வு மூடுவதற்குச் சற்று முன் அந்த உறிஞ்சும் அலை வந்து மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். புதுக் கலவைக்கு இடம் கிடைக்கும். ஹெட்டரின் சூட்சுமம் இவ்வளவுதான்.

பி சீரிஸ் எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. நான்கு சிலிண்டர், ஆனால் ஹெட்டில் புகை வெளியேற மூன்றே வாய்கள். நடுவில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே வாய். ஹெட்டின் எரி அறையை வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக் என்ற பெயர் பெற்ற நிபுணர். அப்படியும் வாயைப் பங்கு போட்டிருக்கிறார்களே என்று தோன்றலாம். வெடிக்கும் வரிசை 1-3-4-2. இரண்டும் மூன்றும் அடுத்தடுத்து வெடிப்பதில்லை. நடுவே சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளி. ஒன்றுக்கும் நாலுக்கும் இடையேயும் அப்படித்தான். ஆகவே நடு வாய்க்கு ஒரு குழாய், ஓரங்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு குழாய், பிறகு இரண்டும் ஒன்று சேர்வது என்று மூன்று கிளை ஹெட்டர் இந்த எஞ்சினுக்கு இயல்பாகவே பொருந்திவிடும். இதன் தம்பியான 'ஏ சீரிஸ்' எஞ்சின் மினி காரில் ஓடியது. அதிலும் இதே மூன்று வாய்தான். அதற்கு நடுக்கிளையை நீளமாக விட்டுச் செய்த குழாய் மினி பிரியர்களிடையே இன்றும் பேசப்படுகிறது.

சில வருஷங்களுக்கு முன் கலிபோர்னியாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் தன் 1974 எம்ஜிபிக்கு ஹெட்டர் மாட்டுவதைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். நான் நடைபயிற்சிக்குப் போகும்போது ஷெட் திறந்திருக்கும். எட்டிப் பார்த்தால் நம் அம்பாசிடர் எஞ்சின்! பழைய சிநேகிதனை வெளிநாட்டு ரயில் நிலையத்தில் பார்த்த மாதிரி. அவரிடம் சொன்னேன், எங்கள் ஊரில் இதன் அண்ணன் லட்சக்கணக்கில் ஓடியது என்று. உடனே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைப் பக்கம் போன நம் நண்பர்களுக்கு இது பிடிக்கும். முதல் நாள் சாயங்காலமே ஸ்டட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊற விட்டிருந்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். ஆகவே எக்ஸாஸ்டைத் தொட வேண்டுமானால் முதலில் கார்ப்பரேட்டர் இரண்டையும், பிறகு இன்லெட் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டும். கீழே சைலன்சர் குழாயைப் பிடிக்கும் நட்டுகள் ஆறும் பித்தளை. இரும்பு ஸ்டட்டில் பித்தளை நட்டு போட்டால் எத்தனை வருஷம் சூட்டில் வெந்தாலும் பிடித்துக்கொள்ளாது. அந்தக் காலத்து எஞ்சினியர்கள் பிற்பாடு கழற்றப் போகிறவனை நினைத்துச் செய்திருக்கிறார்கள். இப்போது வரும் வண்டிகளில் அந்தக் கரிசனத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டுகள் வேறு கதை. அதில் ஒன்று நட்டோடு சேர்ந்தே சுழன்று வந்துவிட்டது. முறியாமல் வந்ததே பெரிது. முறிந்திருந்தால் வார்ப்பிரும்பு ஹெட்டில் டிரில் போட்டு எடுக்க ஒரு நாள் போயிருக்கும்.

முக்கியமான சிக்கல் அடுத்தது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே கேஸ்கட். நடு ஸ்டட்டுகளில் ஒரு தடித்த வாசர் பாதி இன்லெட் மேலும் பாதி எக்ஸாஸ்ட் மேலும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். புது ஹெட்டரின் ஃபிளாஞ்ச், இன்லெட்டின் ஃபிளாஞ்சை விட மெல்லியதாக இருந்தால் வாசர் சாய்ந்து உட்காரும். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் கசியும். எக்ஸாஸ்ட் கசிந்தால் 'டப் டப்' என்று சத்தம் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இன்லெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, எஞ்சின் சூடாகி, வால்வு எரிந்த பிறகுதான் தெரியும். பெரியவர் வெர்னியர் வைத்து அளந்தார். வித்தியாசம் இருந்தது. வாசர் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் அரம் போட்டுப் படி வெட்டினார். அதற்கே ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. அட்டைப் பெட்டியோடு வந்த ஒற்றைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாட்டி ஓட்டியதும் முதல் கால் மணி நேரம் பெயிண்டு கருகிப் புகை வந்தது. அது வழக்கம். பிறகு நட்டுகளை ஒரு முறை மறுபடி இறுக்கினார். சூடாகி ஆறினால் கேஸ்கட் அமுங்கும்.

பலன்? என் கணிப்பில் சத்தம் நன்றாக மாறியது, சக்தி கொஞ்சம்தான் கூடியிருக்கும். எம்ஜிபிக்குக் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே கிளை பிரித்து நன்றாகச் செய்யப்பட்டது. அந்த வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்களிலேயே பலர் அதை மாற்ற வேண்டாம் என்பார்கள். மெல்லிய எஃகுக் குழாய் சூட்டை வெளியே கக்கும். மேலேயே கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருப்பதால், வெயில் நாளில் சிக்னலில் நின்றால் பெட்ரோல் கொதித்து எஞ்சின் நின்று போகும். தகடு வைத்து மறைக்க வேண்டும். துருவும் சீக்கிரம் பிடிக்கும். இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பெரியவர் மறுக்கவில்லை. கையால் ஒன்றைச் செய்து அது ஓடுவதைக் கேட்பதில் இருக்கும் சந்தோஷத்துக்குக் குதிரை சக்திக் கணக்கு கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

அவர் வண்டி 1974 என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1976 ஆக இருந்திருந்தால் அந்த வேலையை அவர் சட்டப்படி செய்திருக்க முடியாது.

அதன் பின்கதை 1943 ஜூலையில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு நாள் கண் எரியும் புகை மூட்டம் மூடியது. போர்க்காலம் ஆதலால் எதிரி விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஏரி ஹாகன்ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழ மணத்தைப் பிரித்தெடுத்த அதே முறையில் நகரத்துக் காற்றைப் பிரித்துப் பார்த்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகிறது என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். கார் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 1967ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். 1970ல் நாடு முழுவதற்கும் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது.

எம்ஜிபிக்கு இது பெரிய அடி. இரட்டை கார்ப்பரேட்டர் போய் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் வந்தது. சக்தி அறுபது சொச்சத்துக்கு இறங்கியது. கன்வெர்ட்டர் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தது. வண்டி மூச்சுத் திணறியது, உண்மைதான். ஹெட்டர் மாட்டினால் கன்வெர்ட்டருக்கு இடமே இல்லை. பலர் இரண்டையும் கழற்றி மூலையில் போட்டார்கள். 1984ல் அங்கே புகைப் பரிசோதனை கட்டாயமானது. வாரியத்தின் உத்தரவு எண் இல்லாத ஹெட்டரைப் பரிசோதகர் கண்டால் வண்டி தேறாது. 1975க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் இப்போது விலக்கு உண்டு. அதனால்தான் ஒரே மாதிரி இரண்டு எம்ஜிபி பக்கத்துப் பக்கத்தில் நின்றால், 1974க்கு ஒரு விலை, 1976க்கு வேறு விலை.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில்தான் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் புதுக் கார்களில் கன்வெர்ட்டரும் வந்தன. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், இங்கேயும் குழாய் வளைத்தவர்கள் உண்டு. குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சிவக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணல் இல்லாவிட்டால் வளைவில் நசுங்கிவிடும். அந்தக் கை வேலை தெரிந்தவர்களை இப்போது பார்ப்பது அரிது.

2019 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நள்ளிரவில் தெருவை எழுப்பும் மோட்டார் சைக்கிள் பையன்களை நினைத்தால் எனக்கு இதில் முழுச் சம்மதம். அரம் போட்டு வாசர் வெட்டிய அந்தப் பெரியவரை நினைத்தால் அவ்வளவு சுலபமாகச் சம்மதம் வரவில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் 1943ல் கண் எரிந்தவர்களும் மனிதர்கள்தானே. அம்பாசிடரும் இப்போது இல்லை; உத்தரபாராவில் 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது. பி சீரிஸ் எஞ்சினோடு இன்னும் யாரிடமாவது ஓடும் நிலையில் ஒன்று இருந்தால், நடு ஸ்டட்டு வாசர்களை ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.