தேர்ச்சி கொடுத்தார்கள், பாடம் கொடுத்தார்களா?

கொரோனா காலக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் 2020 மார்ச்சில் தொடங்குகிறார்கள். கறம்பக்குடியிலிருந்து பார்க்கும் நாம் 2018 நவம்பர் 16 வரை பின்னே போக வேண்டியிருக்கிறது. அன்று கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையையும் குடிசையையும் ஒருசேரச் சாய்த்தது. தோப்புக்காரர்களுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. அதே தோப்பில் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்த சேரிக் குடும்பங்களின் பெயரில் மரமே இல்லை. அந்தக் கூலியில்தான் பிள்ளைகள் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்கள். குடும்பம் நிமிர்வதற்குள், பதினாறே மாதத்தில் ஊரடங்கு வந்தது.

கல்லூரிகளோடு விடுதிகளும் மூடப்பட்டன. விடுதி என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் தங்குமிடம் அல்ல. மூன்று வேளைச் சோறு, விளக்கு, படிக்க ஓர் இடம். அதை இழந்தவர்களிடம்தான் இணையவழியில் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 15 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. ஒற்றை அறை வீட்டில், அண்ணனும் தங்கையும் ஒரே செல்போனை வைத்துக்கொண்டு எந்த வகுப்பைக் கேட்பது?

அரசு சும்மா இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று முதல்வர் பழனிசாமி அறிவித்தார். தேர்வே இல்லாத தேர்ச்சியை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்றார்கள். டேட்டா வந்தது, போன் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? அந்த அட்டை கைக்கு வரும்போது ஊரடங்கு தொடங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது. 2021 அக்டோபரில் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' நல்ல திட்டம். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது.

நம் பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்திவைத்தது எது என்று வரலாற்றைக் கேட்டால், உதவித்தொகை என்றுதான் பதில் வரும். 1944இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில் பிறந்தது பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அதில் ஒன்றிய அரசின் பங்கு 2017-18 முதல் 2019-20 வரை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடியாகச் சுருங்கியிருந்தது. 60:40 பங்கீட்டை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது 2020 டிசம்பர் 23இல். அதற்குள் முதல் கொரோனா ஆண்டு முடியப்போகிறது.

ஆசிரியர்களையும் மறக்கக் கூடாது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பை ஓட்டுகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் கௌரவம், கையில் தொகுப்பூதியம்; அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். சொந்தப் போனில், சொந்தச் செலவில் பாடம் நடத்தியவர்களும் அவர்கள்தான். ஒருவருக்கு ஐம்பதாயிரம் வரை மாத ஊதியம் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், பின்தங்கிய மாணவனை எப்படித் தாங்கிப் பிடிப்பார்?

2020இல் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் 2023இல் பட்டத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். படிக்காமல் போன பாடம் மட்டும் அவர்களோடு போட்டித் தேர்வு வரை வருகிறது. பெருந்தொற்று முடிந்தது என்பதால் கடனும் தீர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது.

நாம் கேட்பது சலுகை அல்ல. கறம்பக்குடி போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் விடுபட்ட பாடங்களுக்கு மாலை வகுப்பு. அதில் படித்து முடித்தவர்களுக்கும் இடம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உதவித்தொகை. பேரிடரிலும் மூடாத விடுதி. ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாத ஊதியம். அடுத்த புயலுக்கோ நோய்க்கோ முன்பாக இவை நடக்க வேண்டும். வந்த பிறகு செய்வதற்குப் பெயர் நிவாரணம். நாம் பேசுவது உரிமையைப் பற்றி.