அகர் அகரும் நுண்ணுயிரியல் வகுப்பறையும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது? நாளைய செவிலியர்க்கும் மருந்தாளர்க்கும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்க்கும் நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா இது. இதற்கு விடை கிடைத்த வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு.

1881ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில், செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் நுண்ணுயிர்களைத் திட ஊடகத்தில் வளர்க்கும் முறையைச் செய்து காட்டினார். நீர்மத்தில் பல இனங்கள் கலந்துவிடும்; திடப்பரப்பிலோ ஒவ்வொன்றும் தனித் திரளாக வளரும். ஆயினும் அவர் பயன்படுத்திய ஜெலட்டின், உடல் வெப்பநிலையான 37 பாகை செல்சியசில் உருகியது. சில நுண்ணுயிர்கள் அதனைக் கரைத்தும்விட்டன.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயும் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டார். தீர்வு அவர்தம் அடுக்களையிலேயே இருந்தது. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கோடையிலும் பழக்கூழ் இளகாதிருக்க அகர் அகர் சேர்ப்பவர்; சாவகத்தில் வாழ்ந்திருந்த டச்சு அன்பர்வழி அதனை அறிந்தவர். அதனையே ஊடகத்திற்கும் பயன்படுத்தலாம் என்றார். உறைந்த அகர் 37 பாகையில் உருகுவதில்லை. பெரும்பாலான நுண்ணுயிர்கள் அதனைக் கரைப்பதுமில்லை. 1887இல் பெட்ரி வடிவமைத்த மூடியுள்ள தட்டும் சேரவே, நுண்ணுயிரியல் வகுப்பறைக்கு எளிதில் வந்தது.

அகர் அகர் மலாய்ச் சொல். நம் நோன்பு துறப்பு விருந்துகளில் கடற்பாசியாக இனிக்கும் அப்பொருளே உலக ஆய்வுக்கூடங்களில் அப்பெயரோடு வழங்குகிறது. இதனை நம் மாணவர்க்குச் சொல்லலாமே!

மாணவர் ஒருவர் தம் விரலை அகர்த் தட்டில் பதிக்கிறார். மறுநாள் அங்கே திரள்கள் தோன்றுகின்றன. சவர்க்காரமிட்டுக் கழுவிய விரலைப் பதித்த தட்டிலும் சில திரள்கள் காண்கின்றன. தோலில் நிலையாக வாழ்வன எவை, பிறரைத் தொட்டதால் ஒட்டியவை எவை என்னும் பாடம் அங்கே தொடங்குகிறது. கைத்தூய்மை குறித்துப் பன்முறை உரைப்பதினும் அத்தட்டு ஆழமாகப் பதியும்.

1882இல் வெளியான காசநோய்க் கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே இணையரைக் குறிப்பிடவில்லை. நாம் பயிற்றும் செவிலியரும் தொழில்நுட்பரும் பலகாலும் இவ்வாறு பெயர் விடுபடுவோரே. அகர்த் தட்டைக் கையில் தரும்போது ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். தாம் கண்டதைத் தயங்காது எடுத்துரைக்கும் துணிவை அப்பெயர் மாணவர்க்கு அளிக்கட்டும்.